முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்: கையால் வனைந்த பழைய சாப்பாட்டுப் பாத்திரங்கள் வாங்கத் தொடங்குவோருக்கு

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நோயாளிகள் பராமரிப்புக்காகப் பழைய பொருள் விற்கும் ஹாஸ்பிஸ் கடைகளுக்கோ வார இறுதிச் சந்தைகளுக்கோ போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பூப்போட்ட இங்கிலாந்துத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் கனமாக, ஒரு கிண்ணம் இருக்கும். உள்ளே நாலைந்து தூரிகைக் கோடுகள். ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும். பளபளப்பு இல்லை, தங்க விளிம்பு இல்லை. நம்மவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவின் நல்ல குயவர் ஒருவர் தன் ஆரம்ப காலத்தில் செய்ததாக இருக்கலாம். சின்னப் பட்டறையில், தானே மண் பிசைந்து, தானே வனைந்து, தானே வரைந்து, தானே சூளை வைத்துச் செய்பவரை ஸ்டுடியோ பாட்டர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் சோறு போட்டவை இந்த மாதிரிக் கிண்ணம், தட்டு, ஜாடி, கோப்பை ஆகியவைதான். பெயர் வந்த பிறகு பெரிய பூச்சாடிகளும் சுவர் ஓடுகளும் செய்தார்கள். அவை மியூசியத்துக்கும் ஏலத்துக்கும் போயின. ஆரம்ப காலச் சாப்பாட்டுப் பாத்திரங்கள்தான் இன்னும் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், குயவரின் கையை நேராகப் பார்க்க முடிவதும் அவற்றில்தான். ஒரே நாளில் நாற்பது கிண்ணத்துக்குக் கோடு போட வேண்டியவர் தயங்கி நிற்க முடியாது. அந்த வேகம் மண்ணில் அப்படியே நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரை அலமாரியில் பூட்டி வைப்பவர்களுக்காக எழுதியது இல்லை. வாங்கி, அதில் சாப்பிட விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் எதை வாங்கலாம் என்பதோடு, எதில் ரசம் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்கும் முன் நல்லதைப் பார்த்துவிடுங்கள்

கடைக்குப் போகும் முன் மியூசியத்துக்குப் போங்கள். டர்பன் நகர மண்டபத்துக்குள் இருக்கும் டர்பன் ஆர்ட் கேலரி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் டாத்தம் ஆர்ட் கேலரி, இந்த இரண்டும் நமக்குப் பக்கம். எல்லாப் பொருளும் எப்போதும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்காது. முன்கூட்டியே போன் செய்து மண்பாண்டத் தொகுப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பிரிட்டோரியா பக்கம் போகிறவர்கள் பிரிட்டோரியா ஆர்ட் மியூசியத்தில் உள்ள கோரோபிரிக் மண்பாண்டத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

பெயர்கள் சில தெரிந்திருந்தால் போதும். மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கதை நம் ஊரையும் தொட்டுத்தான் போகிறது. 1914 முதல் 1921 வரை டர்பன் கலைப்பள்ளியின் தலைவராக இருந்தவர் ஜான் ஆடம்ஸ். அவர் இங்கிலாந்து திரும்பியதும் பூல் நகரத்தில் பங்குதாரராகச் சேர்ந்த மண்பாண்ட நிறுவனம், அவர் மனைவி ட்ரூடா வரைந்த பூ வடிவங்களால் உலகப் பெயர் பெற்றது. 1925இல் பிரிட்டோரியாவுக்கு அருகே ஓலிஃபன்ட்ஸ்ஃபான்டெயினில் செராமிக் ஸ்டுடியோ என்ற பட்டறையைச் சில பெண்கள் தொடங்கினார்கள். பின்னாளில் லின் வேர் என்ற பெயரில் 1950கள் வரை அது நடந்தது. ஆழ்ந்த நீலமும் பச்சையுமாக அவர்கள் பூசிய கிண்ணங்கள் இன்றும் சந்தைக்கு வருகின்றன.

அடுத்த தலைமுறையில் முக்கியமானவர் எசாயஸ் போஷ் (1923–2010). இங்கிலாந்தில் படித்து, வின்ச்கோம்ப் பட்டறையில் வேலை பழகி வந்தவர். தொடக்கத்தில் தாழ்ந்த சூட்டில் சுட்ட, மண்கூழால் அலங்கரித்த பாத்திரங்கள் செய்தார். 1960களின் தொடக்கத்தில் வைட் ரிவர் பக்கம் குடியேறி, உயர்ந்த சூட்டில் கல்போல இறுகச் சுடும் ஸ்டோன்வேரில் இறங்கினார். அவருடைய ஆரம்ப காலத்தையும் பிற்காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆளா என்று தோன்றும். கேப்டவுன் பக்கம் ஈகிள்ஸ் நெஸ்டில் ஹைம் ரபினோவிட்ஸ் (1920–2009) கடைசிவரை சாப்பாட்டுப் பாத்திரங்களையே முதன்மையாக வனைந்தார். அவர் நைஜீரியாவின் அபுஜாவில் ஆங்கிலக் குயவர் மைக்கேல் கார்டியூவிடம் வேலை பார்த்தவர். நமக்கு மிக அருகில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் ஷாங்வெனியில் பட்டறை அமைத்தவர் ஆண்ட்ரூ வால்ஃபோர்ட்.

நம் மாகாணத்தின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் ஊரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962இல் லூத்தரன் திருச்சபை ஆதரவில் தொடங்கிய கலை மையத்தில் 1968 முதல் மண்பாண்டப் பட்டறையும் நடந்தது. ஆண்கள் சக்கரத்தில் வனைந்தார்கள். பெண்கள் தங்கள் தாய்மாரிடம் கற்றபடி மண் திரியை அடுக்கி அடுக்கிக் கையாலேயே எழுப்பினார்கள். கோர்டன் ம்பாதா, ஜோயல் சிபிசி, டைனா மோலெஃபே ஆகிய பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவை, மீன், மிருகம் எல்லாம் ஓடும் அந்த ஜாடிகளில் நல்லவை இப்போது விலை ஏறிவிட்டன. ஆனாலும் சின்னக் கிண்ணம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நெஸ்டா நாலா போன்ற பெரும் கைகள் செய்த கறுப்பு ஜூலு பானைகள் கிளேஸ் என்ற கண்ணாடி மேற்பூச்சு இல்லாதவை; சோள பீருக்காகச் செய்யப்பட்டவை. ஃபீ ஹால்ஸ்டெட் 1985இல் தொடங்கிய ஆர்ட்மோர் பட்டறையின் வண்ணப் பாத்திரங்கள் காட்சிக்காகச் செய்தவை. இரண்டும் அருமையானவை, ஆனால் குழம்பு ஊற்ற இல்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பாத்திரங்கள் பெரேயா, வெஸ்ட்வில், க்ளூஃப் வீடுகளைக் காலிசெய்யும்போது கிடைக்கின்றன. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அபூர்வம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் நம்மை எங்கே குடியிருக்க வைத்ததோ அங்கே இந்தக் கடைகள் இல்லை. பழைய நேட்டால் டெக்னிக்கல் காலேஜில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மண் பிசைந்த காலத்தில் நம் பிள்ளைகள் எம். எல். சுல்தான் காலேஜுக்குத்தான் போக முடிந்தது. அந்த இரண்டு நிறுவனங்களும் 2002இல் ஒன்றாகிவிட்டன. இந்தப் பாத்திரங்கள் நம் மேசைக்கும் வரட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடியைத் திருப்புங்கள்

இனி கடை. கையில் எடுத்ததும் உள்ளே இருக்கும் படத்தைப் பார்க்கத்தான் மனசு ஓடும். பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பிடியுங்கள். மேல்பக்கம் நமக்குக் காட்டுவதற்காகச் செய்தது. அடிப்பக்கத்தில் வேலை எப்படி நடந்தது என்பது இருக்கிறது.

முதலில் அடிவளையத்தைப் பாருங்கள். பாத்திரம் நிற்பதற்காக அடியில் இருக்கும் வட்ட விளிம்புதான் அது. மண் பாதி காய்ந்திருக்கும்போது பாத்திரத்தைத் திரும்பச் சக்கரத்தில் கவிழ்த்து, கம்பிக் கருவியால் சீவி எடுத்து அதை உருவாக்குகிறார்கள். சீவிய கோடுகள் மெல்லிய வட்டங்களாகத் தெரியும். அச்சில் மண்கூழ் ஊற்றி எடுத்த பாத்திரத்தில் இந்தக் கோடுகள் இருக்காது. அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய இணைப்புத் தடம் இருக்கலாம். நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும். அது தெரிந்தால் அது சக்கரத்தில் பிறந்தது இல்லை.

சில கோப்பைகளிலும் ஜாடிகளிலும் அடிவளையமே இருக்காது. அடி தட்டையாக, சிப்பி ஓட்டில் இருப்பதுபோன்ற வளைகோடுகளோடு இருக்கும். சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிய கம்பியால் அறுத்து எடுத்ததன் தடம் அது. அவசரமாகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். பல நல்ல குயவர்கள் வேண்டுமென்றே அந்தத் தடத்தை விட்டுவைப்பார்கள். சீவி அழகாக்கும் வேலையை மிச்சம் பிடித்து விலையையும் குறைத்தார்கள்.

அடுத்தது கிளேஸ் எங்கே முடிகிறது என்பது. கிளேஸ் என்பது சூளையில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு. ஸ்டோன்வேர் பாத்திரத்தின் அடியில் கிளேஸ் இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடியைத் துடைத்துவிட்டு வைப்பார்கள். அங்கே வெறும் மண் தெரியும். தாழ்ந்த சூட்டில் சுடும் எர்தன்வேரை முழுக்கக் கிளேஸ் பூசி, முக்காலியில் வைப்பதுபோல மூன்று சிறு முனைகளின் மேல் நிறுத்துவார்கள். அடியில் மூன்று சின்னப் புள்ளி வடுக்கள் இருந்தால் அந்த வழக்கம்தான். கிளேஸ் முடியும் இடத்துக்கு அருகே விரல் பட்ட தடம் ஒன்றிரண்டு இருக்கிறதா என்றும் தேடுங்கள். பாத்திரத்தைப் பிடித்து வாளியில் முக்கியபோது விரல் மூடிய இடம் அது. எனக்கு அந்தத் தடம் கண்ணில் பட்டால் ஒரு சந்தோஷம். ஐம்பது வருஷத்துக்கு முன் அந்தப் பாத்திரத்தை யாரோ பிடித்திருந்த இடத்தில் நம் விரலும் பொருந்தும்.

என்ன மண், எவ்வளவு சூடு

இதைக் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் பாத்திரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது இதைப் பொறுத்தது.

எர்தன்வேர் ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி வரை சுடப்படும். மண் முழுதாக இறுகாது; தண்ணீரை உறிஞ்சும். செங்கல் நிறமோ வெளிர் மஞ்சளோ இருக்கும். ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை போகும். மண் கல்லாக இறுகிவிடும். சாம்பல், பழுப்பு, கருஞ்செம்மை நிறங்கள். புகை நிறைந்த, காற்று குறைந்த சூளையில் சுட்டிருந்தால், கிளேஸ் முடியும் விளிம்பில் மண் வறுத்ததுபோலச் செம்பழுப்பாக மாறியிருக்கும். மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் கிளேஸைத் துளைத்து மேலே கரும்புள்ளிகளாக வந்திருக்கும்.

சோதிக்க ஒரு எளிய வழி: கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கிளேஸ் இல்லாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் கருத்தால் எர்தன்வேர். அப்படியே முத்தாக நின்றால் ஸ்டோன்வேர் அல்லது போர்சலின்.

இப்போது பூவைப் பாருங்கள்

பொறுத்திருந்ததற்குப் பலன் இங்கேதான். அலங்காரத்தை அழகா இல்லையா என்று பார்ப்பதைவிட, எந்தக் கட்டத்தில், எதை வைத்துச் செய்தார் என்று பாருங்கள். அது பிடிபட்டுவிட்டால் குயவரின் தைரியமும் பயமும் தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்லிப் என்பது நீர்த்த களிமண் கூழ். சிவந்த மண் பாத்திரத்தின் மேல் வெள்ளைக் கூழை ஊற்றிப் பரப்பி, அது சற்று இறுகியதும் குச்சியாலோ ஆணியாலோ கீறினால் அடியிலிருக்கும் சிவப்பு கோடாக வெளிவரும். கீறல் வேலையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மண் ஈரமாக இருந்தபோது கீறியிருந்தால் ஓரத்தில் மண் சற்றுப் புடைத்து நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு கீறியிருந்தால் பொடிப்பொடியாக உடைந்திருக்கும். கைதேர்ந்தவர் நடுவில் இருக்கும் சரியான நேரத்தைப் பிடித்திருப்பார். கோடு கத்தியால் வெட்டியதுபோலச் சுத்தமாக இருக்கும்.

கூழை ரப்பர் பீச்சானில் எடுத்துக் கோடாகப் பிழிவதும் உண்டு. அந்தக் கோடு புடைத்து நிற்கும். தடவிப் பார்த்தால் தெரியும். கூழ் சீராக வந்திருக்கிறதா, முடியும் இடத்தில் குமிழாகத் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் கை அங்கே யோசித்திருக்கிறது என்று அர்த்தம். அது குறை என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப காலப் பாத்திரத்தில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஒரே குயவரின் பல கிண்ணங்களைப் பார்க்கும்போது அந்தக் குமிழ் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே போவதைக் காணலாம்.

தூரிகை வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். உருகாத கிளேஸ் காய்ந்து மாவுபோலப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும்போது, அதன் மேல் இரும்பு, கோபால்ட் போன்ற உலோக ஆக்சைடைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் இழுக்கிறார்கள். தொட்டவுடனே உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. வாசலில் மாக்கோலம் போடும் கை எப்படி நிற்காமல் போக வேண்டுமோ அப்படித்தான் இதுவும். கோடு தொடங்கும் இடத்தில் நிறம் அடர்ந்து, போகப்போக வெளுத்து, முடிவில் தூரிகை மயிர் பிரிந்த தடம் தெரிந்தால் அது ஒரே இழுப்பு. நடுவில் இரண்டாவது முறை நிறம் ஏற்றியது தெரிந்தால் அவர் தயங்கியிருக்கிறார்.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: இரும்பு பழுப்பும் கறுப்பும் தரும். கோபால்ட் நீலம். தாமிரம் காற்றோட்டமான சூளையில் பச்சை, காற்று குறைந்த சூளையில் சிவப்பு. மாங்கனீஸ் ஊதா கலந்த பழுப்பு. கிளேஸிலேயே இரும்பு நிறையச் சேர்த்தால் கன்னங்கரேல் என்று, ஓரங்களில் மட்டும் துருச் சிவப்பாக உடையும் டென்மோகு கிடைக்கும். தென்னாப்பிரிக்க ஸ்டோன்வேரில் நீங்கள் அடிக்கடி காணப்போவது இதைத்தான். அதே இரும்பை ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் சேர்த்து, காற்றைக் குறைத்துச் சுட்டால் வெளிர் பச்சை செலடான்.

மெழுகு வேலையும் அடிக்கடி கண்ணில் படும். உருக்கிய மெழுகால் படம் போட்டு மேலே வேறு கிளேஸ் பூசினால், மெழுகு இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. சூளையில் மெழுகு எரிந்துபோய்ப் படம் மட்டும் நிற்கும். படத்துக்குள் அங்கங்கே தெறித்த சிறு துளிகள் தெரிந்தால் இந்த முறைதான்.

ஒரு குழப்பம் வரும். கையால் வண்ணம் தீட்டியது என்று எழுதியிருக்கும் எல்லாமே ஸ்டுடியோ பாத்திரம் இல்லை. 1950களில் கிரஹாம்ஸ்டவுனில் செய்த டிராஸ்டி வேர் போன்றவற்றில் படத்தைக் கையால் வரைந்தார்கள். ஆனால் பாத்திரம் தொழிற்சாலையில் உருவானது. வாங்கலாம், தப்பில்லை. விலை கொடுக்கும்போது மட்டும் வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். அடியும் படமும் ஒரே கையிலிருந்து வந்தவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரை

முத்திரையை நம்பி மட்டும் வாங்காதீர்கள். ஆரம்ப காலத்தில் பலர் முத்திரையே வைக்கவில்லை, சிலர் பட்டறை முத்திரையை மட்டும் வைத்தார்கள், சிலர் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றினார்கள். முத்திரை ஈர மண்ணில் அழுத்தியதா, கீறியதா, தூரிகையால் எழுதியதா என்று பார்த்து, தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வெளிச்சம் விழும்படி செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய முத்திரையும் எழும்பி நிற்கும். அடையாளம் தெரியாவிட்டால், 1972 முதல் இயங்கும் குயவர் சங்கத்திடம், இப்போது செராமிக்ஸ் சதர்ன் ஆப்பிரிக்கா என்று பெயர், கேட்டுப் பார்க்கலாம். ஏல நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பழைய ஏலப் பட்டியல்களிலும் அடிப்பக்கப் படங்கள் கிடைக்கும்.

உடைசலும் ஒட்டும்

பாத்திரத்தை உள்ளங்கையில் நிறுத்தி விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். ஸ்டோன்வேர் நல்லதாக இருந்தால் மணிபோல ஒலி நீளும். மட்டமாக, சட்டென்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். எர்தன்வேரின் குரலே தணிந்ததுதான். அதை ஸ்டோன்வேரோடு ஒப்பிடாதீர்கள்.

விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தப்பாது. ஒட்டி வண்ணம் பூசியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால் பண நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச் போதும். இருட்டில் காட்டினால் பசையும் புதுப் பூச்சும் பெரும்பாலும் வேறு விதமாக ஒளிரும். ஒட்டிய பாத்திரத்தை அலமாரிக்கு வாங்கலாம், சாப்பாட்டுக்கு வேண்டாம்.

கிளேஸில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் ஓடியிருப்பதைப் பலர் விரிசல் என்று நினைத்து ஒதுக்குவார்கள். கிளேஸும் மண்ணும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காததால் வருவது அது. எர்தன்வேரில் வருஷங்கள் கழித்தும் வரும், ஏனென்றால் மண் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்ல உப்புகிறது. நம் கடற்கரைக் காற்றில் இது இன்னும் சகஜம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எண்ணெயும் மஞ்சளும் அந்தக் கோடு வழியே உள்ளே போகும். ஈரக் குழம்புக்கு அதை வைக்காமல் பழம், ரொட்டி, வறுத்த கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் முன்: புளி, தக்காளி, எலுமிச்சை

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பழைய எர்தன்வேர் கிளேஸ்களில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. தாழ்ந்த சூட்டில் உருகிப் பளபளக்க ஈயம் உதவியது. சரியாகச் சுடாத ஈயக் கிளேஸில் புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும். தாமிரம் கலந்த பச்சைக் கிளேஸில் ஈயமும் இருந்தால் இன்னும் அதிகமாக இறங்கும். வெறும் வெண்ணெய் ரொட்டி தின்கிறவர்களைவிட நமக்கு இது பெரிய விஷயம். நம் மேசையில் புளிப்பில்லாதது எது? ரசம், புளிக்குழம்பு, தக்காளிச் சட்னி, மாங்காய் அச்சார், எலுமிச்சை ஊறுகாய், தயிர் எல்லாமே புளிப்பு. அதுவும் ஊறுகாய் மாதக்கணக்கில் அதே பாத்திரத்தில் கிடக்கும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் மிகக் கெடுதல்.

அதனால் என் விதி இது. பழைய எர்தன்வேர், அதுவும் பளபளப்பான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை உள்பூச்சு இருந்தால், சோதிக்காமல் உணவுக்கு எடுக்காதீர்கள். மேலே தேய்த்துப் பார்க்கும் ஈயச் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. சிவந்தால் உடனே ஒதுக்கலாம், சிவக்காவிட்டால் அதை உறுதிச் சான்றாக எடுக்க முடியாது. முறையான சோதனை ஆய்வகத்தில் நடப்பது: நான்கு சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு ஈயமும் காட்மியமும் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள்.

ஸ்டோன்வேரில் ஈயப் பயம் மிகக் குறைவு, அந்தச் சூட்டுக்கு ஈயக் கிளேஸ் தேவையில்லை. ஆனாலும் மங்கலான, உலர்ந்த தோற்றமுள்ள சில கிளேஸ்களிலிருந்து தாமிரமோ மாங்கனீஸோ பேரியமோ இறங்கலாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் எடுத்துக் கழுவிப் பாருங்கள். அந்த இடத்தில் நிறம் மாறியிருந்தால், பளபளப்பு போயிருந்தால், அந்தக் கிளேஸ் புளிப்பைத் தாங்காது. மாறாவிட்டால் சோறு, பருப்பு, பொரியல் பரிமாறலாம். அப்போதும் ஊறுகாயை அதில் சேமித்து வைக்காதீர்கள். அதற்குக் கண்ணாடி பாட்டில் இருக்கிறது.

தினசரிப் புழக்கம்

அடுப்பில் வைக்கக் கூடாது. ஸ்டோன்வேர் என்றால் கல்தானே என்று கேஸ் அடுப்பில் ஏற்றிப் பிளந்தவர்கள் உண்டு. குளிர்காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கும் பருப்பை நேரே ஊற்றாதீர்கள். வெந்நீர் ஊற்றி ஒரு நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் பரிமாறுங்கள். மைக்ரோவேவில் எர்தன்வேர் வேண்டாம், உள்ளே உறிஞ்சிய தண்ணீர் சூடாகிப் பாத்திரமே கொதிக்கும். டிஷ்வாஷர் எதற்குமே வேண்டாம்.

மஞ்சள் கறை பிடித்தால் பயப்பட வேண்டாம். கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் தானே சிதையும். டர்பன் வெயிலுக்கு அது பெரிய வேலை இல்லை. தேநீர்க் கறை கோடுகளுக்குள் இறங்கியிருந்தால், முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பார்மசியில் கிடைக்கும் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைக்கலாம். ஜிக் போன்ற ப்ளீச்சை எர்தன்வேரில் ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே தங்கி, பிற்பாடு கிளேஸையே பெயர்த்துவிடும்.

கழுவியதும் அடுக்கிவிட வேண்டாம். எர்தன்வேரைக் கவிழ்த்து இரண்டு நாள் காற்றில் விடுங்கள், இல்லாவிட்டால் நம் ஈரப்பதத்தில் பூஞ்சை வாடை வரும். அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துணித்துண்டு. கிளேஸ் இல்லாத அடிவளையம் உப்புத்தாள் மாதிரி கீழே இருக்கும் தட்டைக் கீறும். பழைய தட்டுகளின் நடுவில் தெரியும் வட்டக் கீறல்களில் பாதி இப்படி வந்தவைதான்.

புரட்டாசி விரதச் சாப்பாட்டுக்கு நம் வீடுகளில் இலை போடுவோம். இலையை மாற்றச் சொல்லவில்லை. நடுவில் சோறும் பருப்பும் வைக்கும் பெரிய கிண்ணங்களாக இவற்றை எடுத்துப் பாருங்கள். டென்மோகுக் கறுப்பில் வெள்ளைச் சோறு எப்படி எடுக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். நல்ல குயவர்கள் உள்ளே இருக்கப்போகும் உணவை நினைத்தேதான் நிறம் தேர்ந்தார்கள்.

எதில் தொடங்குவது

ஒரே குயவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பேரிடம் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட ஒருவருடைய மூன்று கிண்ணம் அதிகம் சொல்லித் தரும். பெயர் பெற்றவராக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலை செய்தவர் என்றால் நல்லது. அவருடைய பாத்திரங்கள் அந்த வட்டாரத்திலேயே அதிகம் கிடைக்கும். முடிந்தால் இன்று வேலை செய்யும் ஒரு குயவரின் பட்டறைக்குப் போய், சூளையிலிருந்து இறக்கும் நாளில் ஒரு கிண்ணம் வாங்குங்கள். இன்று அவர் செய்வதுதான் நாளைக்கு ஆரம்ப காலப் பாத்திரம். எந்தக் கிளேஸ், எந்தச் சூடு, உணவுக்கு உகந்ததா என்று அவரிடமே கேட்டுவிடலாம், எலுமிச்சைச் சோதனைகூட வேண்டாம்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: எங்கே, எப்போது, என்ன விலை, யாருடைய வீட்டிலிருந்து வந்தது, உயரம், விட்டம், முத்திரைப் படம். விற்பவரிடம் கதை இருந்தால் அதையும். கல்யாணத்துக்கு வந்த செட், அம்மா ஷாங்வெனி போய் வாங்கியது, இப்படி ஒரு வரி கிடைத்தாலும் அதைவைத்துக் காலத்தை ஓரளவு குறித்துவிடலாம். சீட்டைப் பாத்திரத்தில் ஒட்டாதீர்கள், பசை எர்தன்வேரில் கறையாகும். நோட்டுப் புத்தகத்தில் எண் போட்டு எழுதி, பாத்திரத்துக்குள் எண்ணை மட்டும் ஒரு சின்னத் தாளில் போட்டு வைத்தால் போதும்.